கொல்லிப்பாவை யாரைக் கொன்றாள்?

கொல்லிமலைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. கொல்லும் மலை, அதனால் கொல்லி. காரவள்ளி அடிவாரத்தை விட்டு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் வண்டியில் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். எது கொன்றது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. ஒருவர் மலைக்காய்ச்சல் என்பார், இன்னொருவர் நச்சு மூலிகை என்பார், மூன்றாமவர் புலியையும் கரடியையும் இழுப்பார். கொஞ்சம் தமிழ் படித்தவராக இருந்தால் பாவையைச் சொல்வார்.

பாவையின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். மலையில் தவமிருந்தவர்களுக்கு அரக்கர் தொல்லை தாங்கவில்லை. தெய்வம் ஒரு பெண்ணுருவைச் செய்து நிறுத்தியது. அரக்கர் வாடை பட்டதும் பாவை அசையும், கண்ணைச் சுழற்றும், புன்னகைக்கும். மயங்கிக் கிட்டே போனவன் திரும்பி வருவதில்லை. ஆக, மலை கொல்லி, அதில் நின்றவள் கொல்லிப்பாவை.

கதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாவையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பாடல்களில் இந்த அரக்கரும் இல்லை, தவமுனிவரும் இல்லை. பெயரிலிருந்துதான் கதை முளைத்தது, கதையிலிருந்து பெயர் வரவில்லை என்பது என் கட்சி. அதற்கு முதலில் மலையின் பெயரைப் பார்க்க வேண்டும்.

கொல் என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்தால் கொல்லி. இலக்கணப்படி சரி. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, கிருமிக்கொல்லி, ஆட்கொல்லி என்று இன்றும் புதுச் சொற்களை இப்படித்தான் வார்க்கிறோம். வள்ளுவர் சினத்துக்குச் சூட்டிய பெயர் சேர்ந்தாரைக்கொல்லி. இந்த வரிசையைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சாகிறவர் முன்னால் நிற்கிறார்: பூச்சி, களை, கிருமி, ஆள், சேர்ந்தார். யாரைக் கொல்கிறது என்று சொல்லாமல் வெறும் கொல்லி என்று தனித்து நிற்பது இந்த வார்ப்பின் இயல்பு அல்ல. விசிறி, துருவி போலச் சில சொற்கள் தனித்து நிற்பதால் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். மலைக்கு மட்டும் அப்படி ஒரு விதிவிலக்கு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

கொல் என்பதற்குத் தமிழில் இன்னொரு வாழ்வும் உண்டு. கொல்லன் யாரையும் கொல்பவன் அல்லன். கொற்றுறை என்றால் கொலைக்களம் அல்ல, கொல்லனின் உலைக்கூடம். கொல் என்றால் இரும்பு, கொல்லுத்தொழில். காட்டை ஒட்டிய புன்செய்க்கும் வீட்டுப் பின்புறத்துக்கும் கொல்லை என்று பெயர். கொல்லைப்புறம் போகிறவர் சாகப் போகவில்லை. ஒரே ஒலி இத்தனை வழிகளில் கிளைத்திருக்கும்போது அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மலைத்தொடருக்கே கொலைப்பழி சுமத்துவது அவசரம். (நெருப்புக் கட்டையான கொள்ளியையும் சிலர் இதோடு குழப்புகிறார்கள். கொள்ளிவாய்ப் பிசாசுக்கு நாமக்கல் மாவட்டத்தில் தனி உரிமை எதுவும் கிடையாது.)

பெயரைத் தாங்கியவர்களைப் பார்த்தாலும் அதில் கொலை வாடை அடிக்கவில்லை. கரூரில் கிடைத்த சேரர் காசுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கொல்லிப்பொறை என்று படிக்கத்தக்க பெயர் வருகிறது. பொறை என்றால் மலை. பொறையன் மலைக்குரியவன், சேரரில் ஒரு கிளையின் பட்டம். அவன் தன் காசில் கொல்லியைப் பொறித்துக்கொண்டது மலையைச் சொந்தம் கொண்டாட. பல நூற்றாண்டு கழித்துக் குலசேகர ஆழ்வார் தம்மைக் கொல்லிகாவலன் என்று சொல்லிக்கொள்கிறார். அதுவும் பெருமைப் பட்டம். தேவாரப் பண்களில் ஒன்றுக்குக் கொல்லி என்று பெயர், கொல்லிக்கௌவாணம் என்று இன்னொன்று. சூலை நோயால் துடித்த அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. உயிர் பிழைக்கப் பாடிய பாட்டு கொல்லியில்! இன்று ஓதுவார்கள் அதை நவரோசு இராகத்தில் பாடுகிறார்கள். கேட்டுப் பாருங்கள், அதைவிட இதமான இராகம் குறைவு.

மலைக்கு வேறு பெயரும் வழங்கியிருக்கிறது. அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் பாட்டுக்குப் பாட்டு இதைச் சதுரகிரி என்றே விளிக்கிறது. மேலே ஏறியதும் விரியும் மேட்டுநிலத்தைப் பார்த்தவருக்கு அந்தப் பெயர் புரியும். திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சதுரகிரியோடு இதைக் கலக்கக் கூடாது. வளப்பூர் நாட்டில் இருக்கும் அறப்பளீசுவரர் கோயிலின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. அறத்தின் பள்ளியா, அறையின் பள்ளியா? அறை என்றால் பாறை. நான் பாறைப் பக்கம்.

மக்கள் பெயரையும் இங்கேயே சொல்லிவிடலாம். மலையின் பழங்குடிகள் தங்களை மலையாளி என்கிறார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பு தேடி ஏமாறுபவர்கள் இன்றும் உண்டு. மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவே. அவர்களுடைய ஊர்த்தொகுதிகள் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்திருக்கின்றன. கொல்லி என்ற பழம்பெயர் மன்னர்கள் வாயிலும் புலவர்கள் வாயிலும் வழங்கிய மலைப்பெயர். மேலே வாழ்பவருக்கு நாடுதான் முகவரி.

இனிப் பாவைக்கு வருவோம். சங்கப் பாடல்களில் அவள் பல இடங்களில் வருகிறாள். கபிலர் குறுந்தொகை 100-இல் அவளைப் பேசுவதற்கு முன் ஒரு சிற்றூரைக் காட்டுகிறார். அருவி ஓரத்து நிலத்தில் மலைநெல்லான ஐவனம் விதைத்திருக்கிறார்கள். நடுவே முளைத்த காட்டுமல்லியையும் மரலையும் களைந்தெடுக்கிறார்கள். வேலியாகக் காந்தள் நிற்கிறது. பசி வந்தால் யானைக் கொம்பை விற்றுச் சாப்பிடுகிறார்கள். மலையை ஆண்ட வல்வில் ஓரியின் அப்படிப்பட்ட கொல்லியில் மேற்குச் சரிவில் இருக்கும் பாவையைப் போல இருக்கிறாள் என் பெண் என்கிறான் காதலன். தந்தம் விற்றுச் சோறு உண்ணும் ஊரைச் சொல்லிவிட்டுப் பாவையைச் சொல்வதில் கபிலருக்கு எந்தப் பதற்றமும் இல்லை. அழகுக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது, அதை எடுத்து வைத்தார்.

பரணர் குறுந்தொகை 89-இல் இன்னும் நெருங்குகிறார். ஒரு பெண் உரலில் குற்றிக்கொண்டே வள்ளைப்பாட்டு பாடுகிறாள். பாட்டில் காதலன் பெயர் வந்துவிட்டதோ என்று அக்கம்பக்கம் முணுமுணுக்கிறது. அந்தப் பெண்தான் கொல்லிப்பாவை போன்றவள். உலக்கையும் கையுமாக நிற்கும் சின்னப் பெண்ணை உயிர்குடிக்கும் பொறியோடு யாரும் ஒப்பிட மாட்டார்கள். ஆனால் இந்தப் பாட்டிலேயே கொல்லிக்கு ஓர் அடைமொழி உண்டு: அச்சம் முதிர்ந்தது என்கிறார் பரணர். அச்சம் மலையைச் சேர்ந்தது. பாவைக்குப் பரணர் கொடுத்தது நல்ல இயல்பு மட்டும். இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நற்றிணை 201-இலும் பரணர்தான். காற்று மோதி இடித்தாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் கொல்லிப்பாவை தன் அழகிய உருவம் குலையாமல் நிற்கும். அப்படி இவளும் என் நெஞ்சை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள் என்று தலைவன் புலம்புகிறான். இங்கே பாவைக்குரிய பொருள் அழியாமை. பாறையில் இருப்பதால் வந்த பொருள்.

என் கட்சிக்கு எதிராக ஒரு பாட்டு உண்டு, அதை மறைக்கக் கூடாது. நற்றிணை 185. பாடியவர் பெயர் தெரியாத பாட்டு. காமம் மிகுந்து செயலற்ற ஒருவன் பேசுகிறான். பாணர்கள் பரிசாகப் பெற்ற குதிரைகளின் குளம்பு பட்டுத் தேய்ந்த பாறை வழி, இரவலர்கள் களைக்காமல் ஏறும் சிறு தடம், காந்தள் குலையில் பாய்ந்து தேன் எடுத்த வண்டினம் கட்டிய பல கண்களுடைய தேன்கூடு, அந்தத் தேன் தொங்கும் நெடும்பாறை, அதில் தெய்வம் எழுதிய பாவை. இத்தனையும் சொல்லி, அவளைப் போன்றவள் என்னைக் கொல்லத் திட்டமிட்டுவிட்டாள், நான் நொந்துகொள்ளலாமா என்று முடிக்கிறான்.

கொலை வந்துவிட்டது. ஆனால் யார் சாகிறார்கள்? காதலன். எப்படி? ஏங்கி. பாவை அழகால் வருத்துகிறவள் என்பதற்கு மேல் பாட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொல்லி என்ற பெயரைச் சொன்ன வாயோடு கொலையையும் சொன்ன அந்தப் புலவர் சொல்லோடு விளையாடியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயருக்கும் பாவைக்கும் நடுவே கொலையைக் கொண்டுவந்து வைத்த முதல் கை அது. பின்னால் வந்தவர்கள் விளையாட்டை வரலாறாக எடுத்துக்கொண்டார்கள். காதலன் இருந்த இடத்தில் அரக்கன் வந்து நின்றான். பரணர் மலைக்குக் கொடுத்திருந்த அச்சம் பாவையின் மேல் ஏறியது.

அந்த மலையைச் சுற்றி நடந்ததாகப் பாடல்கள் பெயர் சொல்லிப் பதிவு செய்யும் கொலை வேறு. முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி வல்வில் ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனிடம் ஒப்படைத்தான். அகநானூறு 209-இல் கல்லாடனார் இதைச் சொல்லும் அதே மூச்சில் பாவையையும் சொல்கிறார். கபிலர் பாட்டில் பாவை ஓரியின் மலையில் இருக்கிறாள், பரணர் பாட்டில் பொறையனின் மலையில். உடைமை கைமாறியது. உவமை மட்டும் மாறாமல் புது உடைமையாளரோடு தொடர்ந்தது. புலவர் பலரும் மேற்குச் சரிவையே சொல்வதற்கும் இதில் விடை இருக்கலாம். கரூர்ப் பக்கமிருந்து பார்க்கும் சேரனுக்குத் தெரிவது கொல்லியின் மேற்கு முகம்தான். பாடல்கள் இதைக் குடவரை என்கின்றன. குட என்றால் மேற்கு. இதைக் குடைவரை என்று படித்துப் பாவையைக் குகைக்கோயிலுக்குள் வைத்தவர்களும் உண்டு. நாமக்கல்லில் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் மலையைக் குடைந்த கோயில்கள் இருப்பதால் குழப்பம் எளிதாகிவிடுகிறது. அவை பாடல்களுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை.

பாவையைச் செய்தது யார் என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஓரிடத்தில் கடவுள், ஓரிடத்தில் தெய்வம், நற்றிணை 192-இல் பூதம். செய்த தொழிலுக்கும் வினைச்சொல் மாறுகிறது. கல்லாடனார் ஆக்கிய என்கிறார். பூதத்தைச் சொன்ன புலவர் புணர்த்த என்கிறார், அதாவது பொருத்திச் சேர்த்த. அசையும் பொறி, எந்திரப் பாவை என்று பிற்காலத்தார் நீட்டியதற்கு இந்த ஒரு சொல்லே வித்தாக இருந்திருக்கலாம். மற்ற இடங்களில், அகநானூறு 62, குறுந்தொகை 89, நற்றிணை 185 மூன்றிலும், எழுதிய.

இந்த எழுதுதல் இன்று நாம் பேனாவால் செய்வது அல்ல. அக்காலத்தில் கண்ணுக்கு மை எழுதினார்கள், மார்பிலும் தோளிலும் தொய்யில் எழுதினார்கள், சுவரில் ஓவியம் எழுதினார்கள், நடுகல்லில் இறந்த வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதினார்கள். தீட்டுவதும் கீறுவதும் செதுக்குவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. எனவே கொல்லிப்பாவை தனித்து நிற்கும் முழுச்சிலை என்று நினைப்பதற்குப் பாடல்கள் இடம் தரவில்லை. தேன்கூடு தொங்கும் செங்குத்துப் பாறை முகத்தில் கீறிய கோட்டுருவமாகவோ புடைப்பாகவோ இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வண்ணம் தீட்டிய ஓவியமாகவும் இருக்கலாம். மழையும் காற்றும் அழிக்காத உருவம் என்று பரணர் வியந்ததும் அப்போது பொருத்தமாகிறது.

உருவத்துக்கு உயிர் வருவது கண்ணில்தான் என்பது நம் சிற்பிகளின் மரபு. சிலை முழுதும் முடிந்த பின்னும் கண் மட்டும் மூடியபடி இருக்கும். குறித்த நேரத்தில் தபதி உளியை எடுத்துக் கருவிழியைக் கீறுவார். கண் திறத்தல் என்று பெயர். அதுவரை அது கல், அதன் பிறகு கும்பிடத்தக்க மூர்த்தி. பாவை என்ற சொல்லே இந்த நம்பிக்கையின் அருகில் நிற்கிறது. பொம்மையும் பாவை, பெண்ணும் பாவை, கண்ணின் கருமணியும் பாவை. எதிரே இருப்பவர் கண்ணுக்குள் நாம் குட்டி உருவமாகத் தெரிகிறோமே, அதைத்தான் கண்பாவை, கண்பாப்பா என்கிறோம். இலத்தீனில் கருமணிக்குப் பூப்பில்லா என்று பெயர், அதற்கும் பொருள் சிறு பொம்மை. மரப்பாவை, தோற்பாவை, பாவை விளக்கு, பாவை நோன்பு என்று சொல் வேறு திசைகளிலும் நடந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் 11 ஆடல்களில் பாவையும் ஒன்று. போருக்கு நின்ற அவுணரை மயக்கத் திருமகள் ஆடியது. அந்தப் பாவை கொல்லிப்பாவையே என்று விளக்குவாரும் உண்டு. அரக்கர் நம் கதைக்குள் நுழைந்த வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

செதுக்கிய உருவத்தின் பொருள் காலத்தோடு நழுவாமல் காப்பது எப்படி என்று கேட்டால் நான் நியூசிலாந்தின் மாவோரி மக்களைக் காட்டுவேன். அவர்களுடைய கூட்ட வீடு ஒரு மூதாதையின் உடல். முகட்டுக்கட்டை முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள், முகப்பில் இருப்பது அவர் முகம். உள்ளே தூண்களில் செதுக்கியிருப்பவர்கள் பெயருள்ள முன்னோர்கள். நாக்கைத் துருத்தினால் எதிரிக்கு அறைகூவல், கண்ணில் பதித்த பாவா சிப்பி ஒளிரும்போது முன்னோர் பார்க்கிறார், சுருண்ட பெரணித் தளிர் புதுப்பிறப்பு. செதுக்குக் கலை எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். மகனைத் தேடிக் கடலடிக்குப் போன ருவாடேபுபுகே கடல்தெய்வம் தங்கரோவாவின் வீட்டைக் கண்டார். வீட்டுக்குள் இருந்த தூண்கள் ஒன்றோடொன்று பேசின. அவர் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு, வெளியே நின்ற பேசாத தூண்களோடு கரையேறினார். மரச்சிற்பங்கள் இன்று பேசாததற்கு அதுதான் காரணம். அவர் பெயரால் 1881-இல் டோகோமாரு விரிகுடாவில் எழுந்த வீடு இப்போது சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கே தூண் பேசாவிட்டாலும் அதற்காகப் பேச ஆள் உண்டு. தலைமுறைப் பட்டியலை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்தவர் எது யாருடைய உருவம் என்று சொல்லிவிடுவார். கொல்லியில் நமக்கு நேர்ந்தது தலைகீழ். உருவம் போய்விட்டது, எந்தப் பாறை என்று காட்டவும் ஆளில்லை. மிஞ்சியது ஒரு பெயரும் சில வினைச்சொற்களும்தான். உருவம் இல்லாத இடத்தில் பெயர் தானே பொருள் சொல்லத் தொடங்கிவிட்டது.

மலையில் இன்று பாவையாக வணங்கப்படுபவள் எட்டுக்கை அம்மன். பாடல்கள் காட்டும் மெல்லியலாளுக்கு எட்டுக் கை கிடையாது. அதனால் மக்கள் வழிபாடு தவறு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அம்மன் வேண்டுதலுக்குச் செவிசாய்ப்பவள், காவல் நிற்பவள். கொலைக்கதையின் பாவையைவிட அவள் மக்களுக்கு மிக நெருக்கமானவள். பெயர் இலக்கியத்துக்குள்ளும் திரும்பி வந்தது. 1970-களில் ராஜமார்த்தாண்டன் நடத்திய சிற்றிதழுக்குக் கொல்லிப்பாவை என்று பெயர். கவிதை ஆளை மயக்கும், விடாது பிடிக்கும் என்ற பொருளில் பார்த்தால், நற்றிணைக் காதலனின் பாவைக்கு அது மிகப் பக்கம்.

ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. அரசு கண்காட்சி வைக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், மேடையில் கொல்லிப்பாவையைப் பற்றி யாராவது பேசுவார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரக்கரைக் கொன்ற கதையைச் சொல்லுங்கள், ஆனால் அது பிந்தியது என்பதையும் சொல்லுங்கள். குறுந்தொகையின் 89, 100 பாடல்களையும் நற்றிணையின் 185, 201 பாடல்களையும் பிள்ளைகளைக் கொண்டு படிக்க வையுங்கள். நான்கும் சிறிய பாடல்கள், கால் மணி நேரம் கூட ஆகாது.